பூட்டிய வீட்டுக்கு சேஃப் வாங்குவது எப்படி: துப்பாக்கி, பத்திரம், நகை வைத்திருக்கும் செட்டிநாட்டுக்காரர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டை வைத்துக்கொண்டு சென்னையிலோ சிங்கப்பூரிலோ குடியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். உள்ளே ஐயா (தாத்தா) காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கும், லைசென்ஸ் இப்போது அப்பச்சி (அப்பா) பேரிலோ உங்கள் பேரிலோ இருக்கும். கூடவே பத்திரக் கட்டு, கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் நகை, வெள்ளிச் சாமான். இத்தனைக்கும் சேர்த்து ஒரு பெட்டி வாங்கப் போனால் கடையில் முதலில் காட்டுவது எண் பலகை மின்னும் சின்ன டிஜிட்டல் பெட்டி, இரண்டாவது ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ. இரண்டுமே உங்கள் தேவைக்கு ஆகாது. எது ஆகும் என்று கண்டுபிடித்து, வாங்கி, வாசல்படி தாண்டிக் கொண்டுபோய்ப் பதிப்பதற்குள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பொறுமை போய்விட்டது. நீங்களாவது வரிசையாகச் செய்யுங்கள்.

1. கடைக்குப் போகுமுன் பட்டியல் போடுங்கள்

எது உள்ளே போகப்போகிறது என்று தெரியாமல் பெட்டியின் அளவும் தெரியாது, தரமும் தெரியாது.

நகையில் பெரும்பகுதி பேங்க் லாக்கரில் இருப்பதே நல்லது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி இவற்றால் லாக்கரில் இருப்பது போனால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான் வங்கியின் பொறுப்பு. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய பவுன் விலைக்கு அது ஒன்றுமில்லைதான், ஆனாலும் ஆளில்லாத வீட்டைவிட வங்கியின் ஸ்டிராங் ரூம் எவ்வளவோ மேல். துப்பாக்கியையும் தோட்டாவையும் அங்கே வைக்க முடியாது, லாக்கர் ஒப்பந்தமே அதைத் தடுக்கிறது. ஆக, வீட்டுப் பெட்டிக்குக் கட்டாயமாக வருவது துப்பாக்கியும் காகிதமும்.

காகிதத்தை இரண்டாகப் பிரியுங்கள். பதிவான பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் பதிவுத்துறையிடம் மனுப்போட்டு வாங்கலாம், வில்லங்கச் சான்றும் அப்படியே. மூலப் பத்திரம் போனால் விற்கும்போதும் கடன் வாங்கும்போதும் அலைச்சல்தான், ஆனால் சொத்து போய்விடாது. பதிவாகாத பாகப்பிரிவினைக் கடிதம், கைமாற்று எழுத்து, பழைய கணக்கு ஏடு, ஐயா பர்மாவிலிருந்து எழுதிய கடிதம், போட்டோக்கள், இவை எரிந்தால் எரிந்ததுதான். தீக்காகச் செலவு செய்வது இவற்றுக்காகத்தான் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒருமுறை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். பத்திரத்தை லேமினேட் மட்டும் செய்யாதீர்கள்.

அப்புறம் துப்பாக்கியை அளந்து பாருங்கள். 12 போர் இரட்டைக்குழல் என்றால் முழு நீளம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இந்த அளவைச் சொன்னதும் உயரமான பெட்டியாகக் காட்டுவார்கள், விலையும் உயரமாக இருக்கும். தேவையே இல்லை. மடக்கித் திறக்கும் பழைய துப்பாக்கி குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்றாகக் கழன்றுவிடும். குழல் பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம். உள்ளளவில் 80 செ.மீ. உயரமோ மூலைக்கு மூலை அவ்வளவு நீளமோ இருந்தால் போதும். கழற்றி வைத்தால் எடுப்பவன் உடனே பயன்படுத்தவும் முடியாது. கழற்றத் தெரியாவிட்டால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் காட்டச் சொல்லுங்கள், பலவந்தமாக முறுக்க வேண்டாம்.

2. துப்பாக்கி இருந்தால் லைசென்ஸை முதலில் சரிபாருங்கள்

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை சிவகங்கை மாவட்டம். பொன்னமராவதி, இராங்கியம் பக்கம் புதுக்கோட்டை. லைசென்ஸ் வேலைக்கு எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்பதை லைசென்ஸ் புத்தகத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும், ஒருவர் பேரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது, பாட்டன் சொத்தாக வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். காலாவதி ஆவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்க மனுப் போட்டுவிடுங்கள்.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், வாரிசு பேரில் மாறும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். காரியம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பெட்டிக்குள்ளேயே விட்டுவைப்பவர்கள் நிறைய. அதை எத்தனை நல்ல பெட்டியில் வைத்தாலும் சட்டப்படி உரிமமில்லாத ஆயுதம்தான்.

இன்னொன்று, இதில்தான் பூட்டிய வீட்டுக்காரர்கள் வழுக்குகிறார்கள். சாவியை வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவது நமக்குப் பழக்கம். அவர் எத்தனை வருஷ விசுவாசமானவராகவும் இருக்கட்டும், துப்பாக்கி இருக்கும் பெட்டியின் சாவி அவரிடம் இருந்தால் துப்பாக்கியே அவர் வசம் இருப்பதாகக் கொள்ள இடமுண்டு, அவருக்கு லைசென்ஸ் கிடையாது. வழக்கு வந்தால் அவர் தலையிலும் விழும். ஆகவே துப்பாக்கிப் பெட்டியின் சாவி லைசென்ஸ்தாரரிடம் மட்டும். மாதக்கணக்கில் வெளியூர் என்றால் என் யோசனை, பெட்டியைப் பற்றி நினைக்காமல் ஆயுத விற்பனையாளரிடம் பாதுகாப்பில் வைத்துவிட்டுப் போங்கள். வாடகை கேட்பார்கள், கொடுங்கள். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அந்த ரசீதையும் தொலைக்காமல் வையுங்கள்.

3. திருட்டுக்கு உகந்தது தீக்கு உகந்ததல்ல

கடையில் இதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. "நல்ல கனம் சார், தீயெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று எங்களிடம் ஒருவர் அடித்துச் சொன்னார். வெறும் இரும்பு, எத்தனை கனமானாலும், தீக்குள் அடுப்பில் வைத்த இருப்புச் சட்டிதான். பெட்டி அப்படியே நிற்கும், உள்ளே காகிதம் கருகிக் கிடக்கும்.

தீயைத் தாங்குவது இரும்புத் தகடல்ல, இரண்டு தகட்டுக்கு நடுவே இருக்கும் ஜிப்சமோ கான்கிரீட் கலவையோதான். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர், அது கல்லோடு கல்லாகப் பிணைந்திருக்கும். சூடேறும்போது அந்த நீர் ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. நீர் தீரும்வரை உள்ளே சூடு மெதுவாகத்தான் ஏறும். கதவைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டியிருப்பார்கள், சூட்டில் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். அது இல்லாத பெட்டியைத் தீக்கென்று வாங்காதீர்கள்.

ஆனால் தீக்கென்றே செய்த மலிவுப் பெட்டிகளில் வெளித்தகடு மெல்லியது. கடப்பாரையும் கிரைண்டரும் வைத்திருப்பவனுக்கு அதைப் பிளக்க அதிக நேரம் ஆகாது. எனவே இரண்டுக்கும் தனித்தனியாகச் சோதித்துச் சான்று பெற்ற ஒரே பெட்டி வேண்டும், அல்லது பணம் இடிக்கிறது என்றால் துப்பாக்கிக்குக் கெட்டியான இரும்புப் பெட்டி, காகிதத்துக்குச் சின்னத் தீக்காப்புப் பெட்டகம் என்று இரண்டு. இரண்டாவது வழி பல வீட்டுக்குச் சரியாக வரும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய இரும்புப் பெட்டிகள் விற்பதைப் பார்த்து ஆசைப்படாதவர்கள் குறைவு. பட்டாலையில் (கூடத்தில்) அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் சாவிக்கு எத்தனை நகல் எங்கெங்கே இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

4. சான்றை எப்படிப் படிப்பது

"ஃபயர் புரூஃப்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. எந்தத் தரப்படி, எத்தனை நிமிடம், யார் சோதித்தது என்று கேளுங்கள். பெட்டியின் கதவு உட்புறத்தில் உலோகத் தகட்டில் அது பொறித்திருக்க வேண்டும்.

நம் நாட்டில் சேஃபுக்கான தரம் ஐ.எஸ். 550. அதில் திருட்டுத் தாங்குதலுக்கும் தீத் தாங்குதலுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு, எந்தப் பகுதிக்குச் சான்று என்று பாருங்கள். இறக்குமதிப் பெட்டியில் யூ.எல். என்ற அமெரிக்கச் சோதனை நிறுவனத்தின் முத்திரை இருக்கும். தீக்கு யூ.எல். 72: கிளாஸ் 350 (இந்த எண் ஃபாரன்ஹீட் கணக்கு), 1 மணி நேரம் என்றால், உலையின் சூடு 927 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் ஒரு மணி நேரமும் உள்ளே 177 டிகிரியைத் தாண்டாது என்று பொருள். காகிதம் பிழைக்கும். பென் டிரைவ், ஹார்டு டிஸ்க், பழைய பிலிம் பிழைக்காது, அதற்கு உள்ளே 52 டிகிரிக்கு மேல் போகாத கிளாஸ் 125 வேண்டும், விலை வேறு ரகம். திருட்டுக்கு ஆர்.எஸ்.சி. என்ற அடிப்படை முத்திரை 5 நிமிடத் தாக்குதலுக்கு, டி.எல். 15 என்றால் 15 நிமிடத்துக்கு. வாரக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத வீட்டில் திருடனுக்கு ராத்திரி முழுக்க நேரம். அலாரம் அடித்து, பக்கத்து வீட்டுக்காரரோ போலீஸோ வந்து சேரும்வரை தாங்குவதுதான் பெட்டியின் வேலை, ஆகவே சிம் கார்டு மூலம் உங்கள் போனுக்குச் சொல்லும் ஜி.எஸ்.எம். அலாரத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது உள்ளூர் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவதற்குச் செலவே இல்லை.

தீக்கு எத்தனை நிமிடம் வாங்குவது? காரைக்குடி நகருக்குள் இருப்பவருக்கும் உள்கிராமத்தில் இருப்பவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. தீயணைப்பு வண்டி வந்து சேரும் நேரம், யாராவது பார்த்துச் சொல்லும் நேரம் இரண்டையும் கூட்டுங்கள். நம் வீட்டுக் கூரையில் எத்தனை தேக்கு உத்தரம் என்பது உங்களுக்கே தெரியும், பிடித்தால் நின்று எரியும். ஆளில்லாத வீட்டுக்கு 1 மணி நேரத்துக்குக் குறைந்து எதையும் நான் சொல்ல மாட்டேன்.

5. தகடு, பூட்டு

வெளித்தகடு எத்தனை மி.மீ. என்று கேளுங்கள், கேஜ் கணக்கில் சொன்னால் எண் கூடக் கூடத் தகடு மெல்லியது என்பதை மறக்காதீர்கள். 14 கேஜ் 2 மி.மீ. அளவுதான், 10 கேஜ் 3 மி.மீ.க்கு மேல். கதவில் மட்டும் கனத்தைக் காட்டி, பக்கவாட்டில் மெல்லிய தகடு வைக்கும் தந்திரம் உண்டு, பக்கத்தையும் பின்னையும் தனியாகக் கேளுங்கள். கீல் இருக்கும் பக்கத்திலும் கதவுக்குள் தாழ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீலை அறுத்தாலே கதவு வந்துவிடும். பூட்டைத் துளைத்தாலோ அடித்தாலோ தானாக விழும் இரண்டாம் தாழ் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

டிஜிட்டலா, சாவியா? மலிவான டிஜிட்டல் பெட்டிகளில் உள்ளே ஒரு சின்ன சோலனாய்டுதான் (மின்காந்த ஊசி) தாழைப் பிடித்திருக்கும், சிலவற்றை மேலே ஓங்கித் தட்டியே திறந்துவிடலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை திறக்கும் பெட்டியில் பேட்டரி ஒழுகிப் பலகை கெடுவதும் உண்டு. பூட்டிய வீட்டுக்கு நான் சொல்வது இரண்டு சாவி போட்டால் மட்டும் திறக்கும் லீவர் பூட்டு. டிஜிட்டல்தான் வேண்டும் என்றால் பேட்டரியை வெளியிலிருந்து மாற்றும் வகையாகப் பாருங்கள், ஊருக்குப் போகுமுன் கழற்றி வையுங்கள், அவசரச் சாவியை அதே வீட்டு மாடக்குழியில் வைக்காதீர்கள்.

6. வீட்டில் எங்கே

மாடி வேண்டாம். உத்தரம் எரிந்தால் பெட்டி கீழே வரும். உயரத்திலிருந்து போட்டுச் சோதித்த பெட்டி என்றால்கூட, பழைய மரத்தளத்தின் ஓரிடத்தில் முந்நூறு கிலோ நிற்பது நல்லதில்லை. வளவைச் (நடு முற்றத்தை) சுற்றியுள்ள அறைகளில் ஒன்றுதான் சரியான இடம்: சுவர் கனம், ஜன்னல் சின்னது அல்லது இல்லவே இல்லை, தெருவிலிருந்து தெரியாது. அடுப்படிக்கும் விறகு அடுக்கும் இடத்துக்கும் தள்ளியிருக்கட்டும். மெயின் ஸ்விட்ச் போர்டு பக்கத்திலும் வேண்டாம், பழைய வயரிங் உள்ள வீட்டில் தீ அங்கேதான் பிறக்கிறது. வயரிங்கை மாற்றுவது எந்தப் பெட்டியையும்விடப் பெரிய பாதுகாப்பு, கையோடு அதையும் செய்துவிடுங்கள்.

பங்காளிகளோடு பொதுவில் இருக்கும் வீடு என்றால் உங்கள் பங்கு அறைக்குள் வையுங்கள். உங்கள் அறை என்றாலும் தரையைத் துளைப்பது தெரிந்தால் கேள்வி வரும், முன்கூட்டியே சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) எல்லாரும் கூடும்போது பேச்சு வராது. ஆனால் பெட்டியை இறக்குவதைப் படைப்பு, கல்யாணம் என்று வீடு நிறைந்திருக்கும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை பேருக்குக் குறைவாகத் தெரிகிறதோ அத்தனை நல்லது. அட்டைப் பெட்டியையும் குப்பையில் போடாமல் கிழித்து அப்புறப்படுத்துங்கள்.

7. தரையோடு பதிப்பது

பதிக்காத பெட்டி திருடனுக்குப் பார்சல். 340 கிலோவுக்குக் குறைந்த பெட்டியைப் பதித்தே ஆக வேண்டும் என்பது பொதுவான கணக்கு, அதற்கு மேற்பட்டதையும் பதிப்பது நல்லது. சிக்கல் நம் தரையில். ஆத்தங்குடிக் கல்லுக்குக் கீழே பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவைதான் இருக்கும், சாதாரண விரியும் போல்ட் அதில் பிடிக்காது, சுத்தியல் டிரில்லை வைத்தால் கல்லும் விரிசல் விடும். பழைய சுண்ணாம்பு பூசிய செங்கல் சுவரும் அப்படியே.

செய்ய வேண்டியது: பெட்டியின் அளவுக்குக் கல்லை அலுங்காமல் எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் கம்பி கட்டிக் கான்கிரீட் மேடை போடுங்கள், தரைக்கு மேல் நாலு அங்குலம் எழும்பட்டும். மழை சாரலும் தீயணைக்கும் தண்ணீரும் வளவிலிருந்து உள்ளே வந்தால் பெட்டி நனையாது. குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் விட்டு ஆறவிட்டபிறகு கெமிக்கல் ஆங்கர் (துளையில் ரசாயனப் பசை ஊற்றிப் போல்ட்டைப் பிடிக்க வைப்பது) போட்டு நாலு போல்ட்டில் இறுக்குங்கள். பெட்டியின் அடியில் துளை கம்பெனியே விட்டிருக்க வேண்டும், நீங்கள் துளைத்தால் தீக்காப்பும் போய்விடும், உத்தரவாதமும் போய்விடும்.

கொண்டுவருமுன் வாசலிலிருந்து அந்த அறைவரை ஒவ்வொரு நிலையின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். அறைக் கதவு நிலைகள் குறுகல், படியும் உயரம். பெட்டிக் கதவைத் தனியாகக் கழற்ற முடியுமா என்று கடையில் கேளுங்கள். தரையில் பிளைவுட், நிலைக்குப் பழைய ஜமக்காளம், படிக்குச் சாய்வுப் பலகை. கடைக்காரர் சொல்லும் "டெலிவரி" பெரும்பாலும் தெருவாசல் வரைதான், உள்ளே பதித்துத் தருவது தனிக்கூலி, அதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

8. செலவும் காலமும்

நாங்கள் விசாரித்தவரை தோராயமாக: சின்ன டிஜிட்டல் பெட்டி 8,000 முதல் 15,000. இரண்டு சான்றும் உள்ள, கழற்றிய துப்பாக்கி கொள்ளும் பெட்டி 60,000-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் தாண்டும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி, ஆள்கூலி, மேடை, ஆங்கர் எல்லாம் இதற்கு மேல். பெரிய பெட்டி கையிருப்பில் இல்லாவிட்டால் வாரக்கணக்கில் ஆகும், மேடை வேலையை அந்தக் காலத்தில் முடித்துக்கொள்ளலாம். விடுமுறைக்கு வந்து பத்து நாளில் எல்லாம் முடித்துப் போகலாம் என்று திட்டமிடாதீர்கள், முன்பணத்தைக் கட்டிவிட்டு அடுத்த வரவுக்குப் பதிக்க வையுங்கள்.

9. இன்சூரன்ஸ்

பில், பெட்டியின் சீரியல் எண், நகை மதிப்பீட்டுச் சான்று, போட்டோ, லைசென்ஸ் நகல், துப்பாக்கி எண் இவற்றைப் பெட்டிக்கு வெளியே, வேறு ஊரில் வையுங்கள். பாலிசியில் இரண்டு வரியைத் தேடுங்கள். ஒன்று, வீடு தொடர்ந்து 30 நாள் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பு இல்லை என்ற நிபந்தனை, இருந்தால் முன்கூட்டி எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். மற்றது, சாவியையோ கள்ளச் சாவியையோ கொண்டு பெட்டியைத் திறந்து எடுத்திருந்தால், அந்தச் சாவியை மிரட்டியோ அடித்தோ பறித்திருந்தால் ஒழியப் பணம் தரமாட்டார்கள் என்பது. மாடக்குழிச் சாவிக்காரர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். துப்பாக்கி திருடு போனால் இன்சூரன்ஸுக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷன், தெரிந்த உடனே.

10. உள்ளே அடுக்குவதும் பராமரிப்பும்

தீக்காப்புப் பெட்டியின் உள்ளே எப்போதும் கொஞ்சம் ஈரம் நிற்கும், ஜிப்சத்தின் குணம் அது. ஐப்பசி கார்த்திகை மழையில் பூட்டிய வீட்டில் கேட்கவே வேண்டாம், குழலில் துரு ஏறிவிடும். நீலச் சிலிக்கா ஜெல் வாங்கி வையுங்கள், வெளிர்சிவப்பாக மாறினால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி வைக்கலாம். பாச்சா உருண்டை ஈரத்தை எடுக்காது. துப்பாக்கியைத் தோலுறையில் போட்டு வைக்கவே கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் தடவிய பருத்தித் துணி போதும். பத்திரத்தையும் பருத்தித் துணியில் சுற்றி மேல்தட்டில் வையுங்கள்.

தோட்டாவைக் காகிதத்தோடு வைக்காதீர்கள். காகிதம் தாங்கும் சூடு வெடிமருந்துக்கு ஆபத்தான சூடுதான். தனிப் பூட்டுள்ள சின்ன இரும்புப் பெட்டியில், வேறு அறையில் இருக்கட்டும், துப்பாக்கி எப்போதும் தோட்டா இல்லாமல் இருக்கட்டும்.

தீ பிடித்துவிட்டால் 101. அணைத்தபிறகு பதறிப் பெட்டியைத் திறக்காதீர்கள், உள்ளே சூடேறிய காகிதம் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். வெளித்தகடு முழுக்கக் குளிரும்வரை, ஒரு நாளோ அதற்கு மேலோ, காத்திருங்கள். திறந்ததும் முதல் வேலையாகத் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுங்கள், ஆவி நனைத்திருக்கும். ஈரப் பத்திரத்தை வெயிலில் போடாமல் நிழலில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவையுங்கள்.